பவளத் தொட்டியின் வழிவுக் குழாயும் பம்பும்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் முன்கூடத்தில் நிற்கும், உயிர்ப் பவளங்களும் மீன்களும் வாழும் உப்பு நீர்ப் பவளத் தொட்டி 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் கொண்டது. அதன் அடியிலுள்ள அலமாரிக்குள் 75 செ.மீ. நீளமும், அகலத்திலும் உயரத்திலும் 40 செ.மீ. அளவும் உள்ள ஒரு சம்ப், அதாவது கீழ்த்தொட்டி, இருக்கிறது. மேல்தொட்டியின் மூலையிலுள்ள வழிவுப்பெட்டிக்குள் விழும் நீர், குழாய் வழியே சம்புக்கு இறங்கி, ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) நிற்கும் அறையையும் தடுப்புக் கண்ணாடிகளையும் கடந்து, கடைசி அறையிலுள்ள ரிட்டர்ன் பம்பினால் மீண்டும் மேலே ஏற்றப்படுகிறது. கீழே வரும் கணக்குகள் யாவும் இந்த அளவுகளை வைத்துப் போடப்பட்டவை. அவற்றின் இடத்தில் உங்கள் தொட்டியின் அளவுகளை இட்டுக்கொண்டால் அதே கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

கோளாறு எதுவாயினும், வால்வில் கை வைப்பதற்கு முன் மூன்று இடங்களில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்: மேல்தொட்டி, வழிவுப்பெட்டி, பம்பு அறை. எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளிலேயே இம்மூன்று மட்டங்களையும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் நிறநாடா ஒட்டிக் குறித்துவிட்டால், பின்னாளில் பாதி நோய் அந்தக் கோடுகளிலேயே தெரிந்துவிடும். மேல்மட்டம் ஏறிப் பம்பு அறை இறங்கியிருந்தால் இறங்குகுழாயில் அடைப்பு. மேல்மட்டம் சற்றே தாழ்ந்து சம்ப் முழுவதும் ஏறியிருந்தால் பம்பு தளர்ந்துவிட்டது அல்லது நின்றுவிட்டது. மேல்மட்டம் மாறாமல் பம்பு அறை மட்டும் இறங்கியிருந்தால் நீர் ஆவியாகிறது அல்லது எங்கோ கசிகிறது. வழிவுப்பெட்டியின் மட்டம் மட்டும் ஏறி இறங்கி ஊசலாடினால் குழாய்க்குள் காற்று விளையாடுகிறது என்று பொருள்.

குழாய் களகளவென்று உறிஞ்சுகிறது, அல்லது கழிப்பறை போல விட்டுவிட்டு இழுக்கிறது

ஒரே ஒரு இறங்குகுழாய் வைத்து, அதன் தலையில் வளைவும் காற்றுத் துளையும் உள்ள டர்சோ முறையில் அமைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். துளை சிறிதாக இருந்தால் குழாய்க்குள் காற்று போதுமான அளவு நுழைவதில்லை. நீர் குழாயை நிறைத்துக்கொண்டு முழு உறிஞ்சலாக மாறி, வழிவுப்பெட்டியைச் சட்டென்று காலி செய்து, காற்றை விழுங்கி அறுந்து, மீண்டும் நிரம்பும். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை இது நடக்கும்போது வீட்டில் யாரும் தொலைக்காட்சி பார்க்க முடியாது. துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் பொறுத்துப் பார்த்து, ஊசலாட்டம் நிற்கும் அளவில் விட்டுவிட வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் சிறிய வால்வு ஒன்றை அதில் பொருத்திக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு அங்குலக் குழாயில் டர்சோ முறையில் மணிக்கு 2000 லிட்டருக்கு மேல் இறக்க முயன்றால், எப்படித் திருகினாலும் இரைச்சல் முழுதாக அடங்குவதில்லை என்பது என் அனுபவம்.

ஆகவே புதிதாகத் துளையிடுபவர்களிடம் குறைந்தது இரண்டு குழாய்களாவது வையுங்கள் என்றே சொல்லி வருகிறேன். ஹெர்பி முறை என்று மீன் வளர்ப்போர் அழைப்பது இதுதான்: ஒரு குழாய் எப்போதும் நீரில் மூழ்கி, காற்றில்லாமல், கேட் வால்வின் கட்டுப்பாட்டில் ஓடும். அதைவிட உயரமாக நிற்கும் இரண்டாவது குழாய் ஆபத்துக்கென்று காத்திருக்கும். மூன்றாவதாக ஒரு குழாயும் சேர்த்தால் அது பீன் அனிமல் முறை. இட வசதியும் கூடுதல் துளையும் இருந்தால் அதுவே மேல்.

இந்த முறையில் இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் வால்வின் சரிக்கட்டல்தான். வால்வை முழுதாகத் திறந்துவிட்டுக் கால் சுற்றுக் கால் சுற்றாக மூட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின் ஐந்து, பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், ஏனெனில் பெட்டியின் மட்டம் மெதுவாகவே நிலைகொள்ளும். பொறுமை இல்லாதவர் கை வைத்தால் மாலை முழுவதும் திருகிக்கொண்டே இருப்பார். இரண்டாவது குழாயின் விளிம்பில் நூல் போல மட்டும் நீர் வழியும் நிலையில் நிறுத்தினால் ஒலி அடங்கிவிடும். பந்துபோல் திரும்பும் பால் வால்வு இதற்கு ஒத்துவராது, கால் திருப்பத்திலேயே முழுதாகத் திறந்து மூடுவதால் நுட்பமாகச் சரிக்கட்ட முடியாது. ஆபத்துக் குழாயில் எந்த வால்வும் வைக்கக் கூடாது. அழகுக்காகக்கூட வேண்டாம்.

மின்சாரம் வந்த பிறகு உறிஞ்சல் தொடங்காமல், நீர் எல்லாம் ஆபத்துக் குழாய் வழியாகவே இரைச்சலோடு இறங்கிக்கொண்டிருந்தால், முதன்மைக் குழாயின் அடிவாய் சம்ப் நீருக்குள் மிக ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். 2, 3 செ.மீ. மூழ்கியிருந்தால் போதும். அதற்கு மேல் ஆழ்ந்தால் குழாய்க்குள் சிக்கிய காற்றைத் தள்ளி வெளியேற்ற நீருக்கு வலு போதாது.

மின்சாரம் போனால் சம்ப் நிரம்பி வழிகிறது

பிற்பகல் இடிமழை வழக்கமாகிவிட்ட ஊரில் இந்த அறிகுறியைத்தான் முதலில் எதிர்பார்க்க வேண்டும். பம்பு நின்றதும் இரண்டு வழிகளில் நீர் கீழே வரும். வழிவுப்பெட்டியின் பல்விளிம்புக்கு மேலே நிற்கும் நீர் இறங்கும். அதோடு, பம்பிலிருந்து மேலே போகும் குழாய் தலைகீழாக உறிஞ்சத் தொடங்கி, அதன் வாய் காற்றைக் காணும் வரை மேல்தொட்டியை இறக்கும். இரண்டாவது வழியைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் தொட்டியின் மேற்பரப்பு 6000 சதுர செ.மீ. என்பதால் ஒவ்வொரு செ.மீ. மட்டத்துக்கும் 6 லிட்டர். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 4 செ.மீ. கீழே இருந்தால் 24 லிட்டர் இறங்கும். வழிவுப்பெட்டியிலிருந்து நாலரை லிட்டர், குழாய்களிலும் ஸ்கிம்மரிலும் இருந்து மூன்று லிட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 31.5 லிட்டர். சம்பின் பரப்பு 3000 சதுர செ.மீ. ஆகையால் அங்கே மட்டம் பத்தரை செ.மீ. உயரும். ஓடும்போது 24 செ.மீ. மட்டத்தில் இருந்தால் 34.5-இல் நின்றுவிடும். யாரோ ஆசைப்பட்டு 30 செ.மீ. வரை நிரப்பியிருந்தால் 40.5. சம்பின் உயரமோ 40. அரை செ.மீ. என்பது கேட்கச் சிறிதாக இருக்கும், ஆனால் அது ஒன்றரை லிட்டர் உப்பு நீர், அலமாரியின் அழுத்தப்பலகை ஊறி உப்புவதற்கு அது தாராளமாகப் போதும். என் முதல் அலமாரியை நான் இழந்தது அப்படித்தான்.

நிவாரணம் எளிது. ரிட்டர்ன் குழாயின் வாயையே நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழே தூக்கி வைத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. அப்படி முடியாத இடத்தில், நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே குழாயில் ஆறு மி.மீ. துளை இரண்டு இட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறும். துளை இரண்டாக இருப்பதற்குக் காரணம், ஒன்றில் பாசியோ குட்டி நத்தையோ ஏறிக்கொள்ளும் என்பதே. மாதம் ஒரு முறை பல் துலக்கும் பழைய தூரிகையால் இரண்டையும் தேய்த்துவிட வேண்டும். ஒருவழி வால்வு வாங்கிப் பொருத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பொருத்துங்கள், தவறில்லை, ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். சுண்ணப் பாசியின் ஒரு செதில் மடலில் சிக்கினால் அது திறந்தே கிடக்கும், அந்தச் செதில் சிக்கியிருப்பது மின்சாரம் போகும் வரை வெளியில் தெரியவும் தெரியாது.

எல்லாவற்றையும் சரி செய்த பின், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பம்பின் பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டும். மட்டம் ஏறி நின்ற இடத்தில் ஒரு கோடு. மீண்டும் ஓடவிட்டு, பம்பு அறை வழக்கமான மட்டத்துக்கு வந்ததும் அங்கே இன்னொரு கோடு. உப்பு நீர் மாற்றும் நாளில் இரண்டாவது கோட்டுக்கு மேல் ஒரு குவளைகூட ஊற்றுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இந்தச் சோதனையை முதலில் நன்னீரில் செய்வது நல்லது, ஏனெனில் வழிந்தால் துடைத்துவிட்டுப் போகலாம்.

மின்சாரம் திரும்பிய பின் ஸ்கிம்மரின் குவளை பொங்கி வழிந்தால் பயப்பட வேண்டாம். சம்பின் மட்டம் சற்று நேரம் உயர்ந்திருப்பதே காரணம். ஸ்கிம்மர் நிற்கும் அறையின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடியே தீர்மானிக்குமாறு அமைத்திருந்தால் சில நிமிடங்களில் தானாக அடங்கும்.

மேல்தொட்டியே விளிம்பைத் தாண்டி வழிகிறது

இது முன்னதற்கு நேர் எதிரானது, அதைவிடக் கொடியது, ஏனெனில் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் பம்பை நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். பெரும்பாலும் குழாய்வாயில் ஒரு நத்தையோ, கழன்று மிதந்து வந்த பாசிக் கொத்தோ அகப்படும். பல்விளிம்பும் சல்லடையும் இருந்தால் இது அரிதாகும், ஆனால் சல்லடையே பாசி படிந்து அடைபடுவதும் உண்டு.

அடைப்பு எப்போதாவது வந்தே தீரும் என்று எடுத்துக்கொண்டு, பம்பு அறையின் கொள்ளளவு மேல்தொட்டியின் மிச்ச இடத்துக்குள் அடங்குமாறு முதலிலேயே அளவிட வேண்டும். என் பம்பு அறை 20 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், அதில் 20 செ.மீ. நீர். அதாவது 16 லிட்டர். அத்தனையும் மேலே போனாலும் மட்டம் 2.7 செ.மீ.தான் உயரும். விளிம்புக்கு 4 செ.மீ. இடம் விட்டிருப்பதால் வழியாது, பம்பு வறண்டு கத்தும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு சரியாக இருந்தும் எங்கள் வீட்டுத் தரை ஒரு முறை நனைந்தது. ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தானாக நன்னீர் சேர்க்கும் கருவியை நான் மறந்திருந்தேன். பம்பு அறை வறண்டதைக் கண்ட அந்தக் கருவி, தன் கடமை என்று எண்ணி, 20 லிட்டர் வாளியிலிருந்த ஆர்ஓ நீரை (வடிகட்டிச் சுத்திகரித்த நன்னீரை) முழுவதும் ஊற்றியது. பம்பு அதையும் மேலே ஏற்றியது. 2.7 செ.மீ.யுடன் 3.3 செ.மீ. சேர்ந்து 6 ஆகி, 4 செ.மீ. இடத்தைத் தாண்டியது. தரை நனைந்ததோடு தொட்டியின் உப்பும் நீர்த்துப் போனது. அன்றிலிருந்து வாளியில் 5 லிட்டருக்கு மேல் வைப்பதில்லை. நேர வரம்பு உள்ள கருவியாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கருவியின் குழாய் முனை சம்ப் நீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாளி உயரத்தில் இருந்தால் கருவி நின்ற பிறகும் நீர் தானாக உறிஞ்சப்பட்டு இறங்கிக்கொண்டே இருக்கும்.

பம்பு அறை நாளுக்கு நாள் இறங்குகிறது

மேல்தொட்டியின் மட்டத்தைப் பல்விளிம்பும், ஸ்கிம்மர் அறையின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடியும் பிடித்து வைத்திருப்பதால், ஆவியாகும் நீரின் குறைவு முழுவதும் பம்பு அறையிலேயே தெரியும். நம் வெப்பத்தில், நீரைக் குளிர்விக்க விசிறியும் வைத்திருந்தால், என் தொட்டியில் நாளுக்கு 5 லிட்டர் வரை போகிறது. அது பம்பு அறையில் 6 செ.மீ.க்கும் அதிகம். உப்பு ஆவியாகாது, நீர் மட்டுமே ஆவியாகும். ஆகவே ஈடுசெய்ய வேண்டியது நன்னீரால்தான். ஏறத்தாழ 320 லிட்டர் உள்ள அமைப்பில் ஒரு நாள் விட்டாலே உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 என்பதிலிருந்து 35.5-ஐத் தாண்டும்.

குறைவது ஆவியா, கசிவா என்று அறிய உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைப் பாருங்கள். மட்டம் இறங்கி உப்பு ஏறினால் ஆவி. மட்டம் இறங்கியும் உப்பு ஏறாமல் நின்றால் எங்கோ உப்பு நீராகவே வெளியேறுகிறது.

மேல்தொட்டியில் மூடுபனி போல நுண்குமிழ்கள்

பம்பு அறையைத்தான் முதலில் பாருங்கள். இரண்டு நாள் நீர் சேர்க்காவிட்டால் மட்டம் ஏழெட்டு செ.மீ.க்கு இறங்கி, பம்பு சுழலிட்டுக் காற்றை விழுங்கும். மட்டம் சரியாக இருந்தும் குமிழ்கள் வந்தால், இறங்குகுழாயின் வாய் நீருக்கு மேலே நின்று கொட்டுகிறதா, தடுப்புக் கண்ணாடிகளின் இடைவெளி மிகக் குறுகி நீர் அங்கே பாய்ந்து விழுகிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சம்புக்கு வெளியே பம்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு: உறிஞ்சும் பக்கத்து யூனியனின் (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பின்) ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால், நீர் கசியாமலே காற்று உள்ளே போகும். சோப்பு நுரையைத் தடவிச் சோதிக்க ஆசை வரும், பவளத் தொட்டியில் அதைச் செய்யாதீர்கள். யூனியனைக் கழற்றி வளையத்தைத் துடைத்து மீண்டும் மாட்டினாலே தெரிந்துவிடும். புதிய தொட்டியில் முதல் சில நாள்கள் குமிழ்கள் இருப்பது இயல்பு.

நீரோட்டம் முன்போல இல்லை

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண் சுழிய உயரத்தில் அளந்தது. மணிக்கு 4000 லிட்டர், அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்று போட்ட பம்பு, ஒன்றரை மீட்டர் ஏற்றி நாலைந்து எல்போக்களைக் கடக்கும்போது ஏறத்தாழ பாதியைத்தான் தரும். ஆகவே கண்ணால் மதிப்பிடாமல் அளக்க வேண்டும். ரிட்டர்ன் குழாயின் வாயை விளிம்புக்கு வெளியே திருப்பி, ஐந்து லிட்டர் வாளியில் பிடித்து நேரத்தைக் குறியுங்கள். 9 நொடியில் நிறைந்தால் மணிக்கு 2000 லிட்டர். 15 நொடி எடுத்தால் 1200. பெரிய வாளி வேண்டாம், அதற்குள் பம்பு அறை வறண்டுவிடும். புதிதாகப் பொருத்திய நாளின் நொடிக் கணக்கை அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி வைத்திருந்தால் ஒப்பிடுவது எளிது.

குறைந்திருந்தால் பம்பைக் கழற்றுங்கள். காந்தச் சுழலியிலும் அதன் உறையிலும் வெள்ளைச் சுண்ணம் படிந்திருக்கும். வினிகரும் நீரும் சரிபாதி கலந்த வாளியில் சில மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்து, நன்றாக அலசி மாட்டினால் பழைய வேகம் திரும்பும். புதிய அமைப்பிலேயே ஓட்டம் குறைவு என்றால் குழாயின் குறுக்களவைப் பாருங்கள். பம்பின் வெளிவாயைவிடச் சிறிய குழாயை மாட்டுவதால் மிச்சமாகும் காசு, மின்கட்டணத்திலேயே போய்விடும். 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை இரண்டை வைத்தால் உராய்வு குறையும்.

சம்ப் வழியாக மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று முதல் ஆறு மடங்கு சுழற்சி போதும். பவளங்களுக்கு வேண்டிய வேகமான அலையை மேல்தொட்டியிலுள்ள அலைப்பம்புகள் தரட்டும். பெரிய ரிட்டர்ன் பம்பு வாங்கினால் இரைச்சல் கூடும், அது உண்ணும் வாட்டுகளில் பெரும்பகுதி வெப்பமாகி நீரிலேயே சேரும். நண்பகலில் 32 பாகையைத் தொடும் கூடத்தில், நீரை 26, 27-இல் வைத்திருக்கப் போராடுபவருக்கு அது தேவையற்ற பாரம்.

இணைப்பில் வெள்ளை உப்புப் பூச்சு, அல்லது சொட்டு

உப்புப் பூத்திருக்கும் இடமே கசியும் இடம் என்று முடிவு கட்டிவிடாமல், துடைத்துவிட்டு மறுநாள் முதலில் எங்கே பூக்கிறது என்று பாருங்கள். கண்ணாடித் துளையில் மாட்டும் பல்க்ஹெட் என்றால், ரப்பர் வளையம் தலைத்தட்டின் பக்கத்தில் இருக்க வேண்டும், மரையின் பக்கத்தில் அல்ல. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும், சாவி போட்டு முறுக்கினால் கண்ணாடி விரியும். துளையிடும் முன் அது பதப்படுத்தப்பட்ட கண்ணாடி அல்ல என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட கண்ணாடியில் துளையிட்டால் முழுவதும் சிதறிவிடும்.

ஊர் இரும்புக் கடையில் குழாய் வாங்குபவர்கள் ஒரு சிக்கலை அறிந்திருப்பது நல்லது. அங்கே ஒரு அங்குலம் என்று கொடுக்கும் பிவிசி குழாயின் வெளிவிட்டம் சுமார் 33.5 மி.மீ. இணையத்தில் வரவழைக்கும் மீன்தொட்டி உதிரிகளில் பல 32 மி.மீ. குழாய்க்குச் செய்யப்பட்டவை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ராவியும் நாடா சுற்றியும் சேர்க்க முயன்றவர் பட்டியலில் நானும் ஒருவன். இப்போதெல்லாம் ஈப்போவுக்குப் போகும்போது வால்வு, எல்போ, குழாய் மூன்றையும் ஒரே இடத்தில், கையோடு பொருத்திப் பார்த்து வாங்குகிறேன். பசை போட்ட இணைப்பை ஒரு நாள் காயவிட்டே நீர் விட வேண்டும்.

பித்தளை வால்வு உறுதியானது என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், அவர் சொல்வது வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் சரிதான். ஆனால் பித்தளையில் உள்ள செம்பு உப்பு நீரில் கரைந்து பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொல்லும். ஒரு திருகுகூட வேண்டாம்.

நீரில் கை வைத்தால் சுரீர் என்கிறது, அல்லது ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்ச்) விழுகிறது

சுரீர் என்றதும் கையை எடுத்து, மெயின் சுவிட்சை அணைத்த பிறகே மற்றவை. பிறகு தொட்டியைச் சேர்ந்த எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, மின்சாரத்தைப் போட்டு, நீரைத் தொடாமல் ஒவ்வொன்றாகச் செருகினால் எந்தக் கருவி ஆர்சிசிபியை விழச் செய்கிறது என்று தெரியும். பெரும்பாலும் உறை விரிந்த பம்பு அல்லது ஹீட்டர். அதை எறிந்துவிடுங்கள், நாடா சுற்றி மீண்டும் நீரில் போடாதீர்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறினால், வயர் வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். பிளக்குப் பலகை சம்புக்கு மேலே வேண்டாம், அலமாரிக்கு வெளியே பக்கவாட்டில் உயரமாக இருக்கட்டும். தொட்டிக்கென்று 30 மில்லியாம்பியர் உணர்திறன் உள்ள தனிக் காப்பு வேண்டுமென்றால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்யுங்கள்.

கருவிகள் எல்லாம் நன்றாக இருந்தும் இடி இடிக்கும்போது ஆர்சிசிபி விழுவது வேறு. மின்சாரம் தெருவில் இருக்கும், நம் வீட்டில் மட்டும் இருக்காது, அது தானாக எழும்பாது. தைப்பூசத்துக்கு ஈப்போவின் கல்லுமலைக் கோயிலுக்குப் போய் இரவு தங்கும்போது எனக்குள்ள கவலை இதுதான். நீர் நின்றால் உயிர்வாயு குறைந்து முதலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மின்சாரம் நின்றதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்று தொட்டியோரம் தொங்குகிறது. அதோடு எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, மின்பெட்டியில் சிவப்பு நாடா ஒட்டிய சுவிட்சைக் காட்டி வைத்திருக்கிறேன்: “அக்கா, நீல விளக்கு எரியலன்னா இதை மேல தள்ளுங்க. திரும்ப விழுந்துச்சுன்னா கை வைக்காம எனக்குப் போன் பண்ணுங்க.”